காலம் தாழ்த்தி வந்த மாலை

2021ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அமெரிக்காவில் கிராமி இசை விருதுகள் வழங்கப்பட்டன. விருது பெற்றோரின் நீண்ட பட்டியலில் செய்தித்தாள்கள் பெரிதாக எடுத்துப் பேசாத பெயர் ஒன்றும் இருந்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் மாணவர் பாடற்குழுவாகிய 'ஃபிஸ்க் யூபிலிப் பாடகர்' என்பதே அப்பெயர். மரபுவழி நற்செய்தி இசைத்தொகுப்புக்கான விருது அவர்களுக்குக் கிடைத்தது. அக்குழு பெற்ற முதல் கிராமி விருது அதுவே. குழு பயணம் புறப்பட்டதோ 1871ஆம் ஆண்டில். இடையே நூற்றைம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

கிராமி விருதே 1959இல்தானே தொடங்கிற்று என்று ஒருவர் விடை கூறலாம். உண்மையே. எனினும் அதன் பின்னும் அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன அல்லவா? ஒரு நாட்டின் இசைக்கே வேராக நின்றவர்களை, அந்நாட்டின் இசை மேடை காண ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று?

நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் இசையறையில் பழைய ஒலிநாடா ஒன்று இருந்தது. மகலியா ஜாக்சன் என்னும் பெண்மணி பாடியது அது. ஆங்கிலச் சொற்கள் பாதி விளங்கவில்லை. ஆயினும் அக்குரலில் செபம் இருந்தது என்பது நன்றாகவே விளங்கிற்று. அவர் யார், எம்மக்களின் வழிவந்தவர், அவரை அவருடைய நாடு எவ்வாறு நடத்திற்று என்று அன்று நாம் கேட்டதில்லை. அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்று கேட்கின்றோம்.

யூபிலி என்னும் பெயர்

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த ஆண்டே, விடுதலை பெற்ற மக்களின் கல்விக்காக ஃபிஸ்க் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அது கடனில் மூழ்கிற்று. அதன் பொருளாளரும் இசை ஆசிரியருமான ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது மாணவரை அழைத்துக்கொண்டு பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்துக் குழுவைத் தாங்கி நின்றவர் எல்லா ஷெப்பர்டு என்னும் இளம்பெண்.

தொடக்கத்தில் அவர்கள் பாடியவை அக்காலத்து வெள்ளையர் விரும்பிக் கேட்ட பாடல்கள். தம் பெற்றோர் பருத்திக் காடுகளிலும் குடிசைகளிலும் பாடிய ஆன்மிகப் பாடல்களை மேடையில் பாட அவர்கள் தயங்கினர். அவை அவர்களுக்குப் புனிதமானவை. அடிமை நாள்களின் கண்ணீர் படிந்தவை. கட்டணம் கொடுத்து வருவோர்முன் விரித்து வைப்பதற்கு உரியவையல்ல என்று கருதினர். எனினும் அவ்வாண்டு நவம்பரில் ஓபர்லின் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையின்முன் அப்பாடல்களைப் பாடியபோது, அவையினர் உள்ளம் உருகினர். அன்றிலிருந்து குழுவின் நிலையே மாறிற்று. 1872இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிராண்ட்முன்பும், 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின்முன்பும் அவர்கள் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் கல்விக்கூடம் கடனிலிருந்து மீண்டது. 'யூபிலி மண்டபம்' என்னும் பெருங்கட்டடமும் எழுந்தது.

அரசியின்முன் பாடிய அவர்களுக்கே தங்கும் விடுதிகள் பல கதவடைத்தன என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. பாடலை வரவேற்றுப் பாடியவரை வெளியே நிறுத்தும் இவ்வழக்கம், பின்வந்த நூறாண்டுகளும் பல வடிவங்களில் தொடர்ந்தது.

குழுவுக்கு யூபிலி என்னும் பெயரை இட்டவர் ஒயிட்டே. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு அதன் பொருள் விளங்கும். ஐம்பதாம் ஆண்டில் அடிமை தன் வீடு திரும்புவான்; இழந்த நிலம் உரியவனிடம் மீளும். யூபிலி என்பது இரக்கத்தால் இடப்படும் பிச்சையன்று. உரியதை உரியவரிடம் திருப்பித் தருவது. இக்கருத்தை நாம் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தனி அலமாரி

இசைத்தட்டு வணிகம் வளர்ந்தபோது பழைய வழக்கம் புதிய உருவெடுத்தது. 1920இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி பாடிய புளூஸ் இசைத்தட்டு எதிர்பாராத அளவில் விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை வணிகர் அப்போதுதான் உணர்ந்தனர். உடனே அவர்களுக்கெனத் தனி வரிசை ஒன்றைத் தொடங்கி, அதற்கு 'இன இசைத்தட்டுகள்' என்று பெயரிட்டனர். இசையைப் பாடுபவரின் தோல் நிறத்தால் வகை பிரிக்கும் அலமாரி இவ்வாறு உருவாயிற்று. 1949இல்தான் 'பில்போர்டு' இதழ் தன் விற்பனைப் பட்டியலில் அப்பெயரை நீக்கி, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறிற்று, அலமாரி மாறவில்லை.

கிராமி விருதுகள் 1959 மே 4ஆம் நாள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, கறுப்பினத்தாரை அவை முற்றிலும் புறக்கணித்தன என்று கூறுவது நேர்மையாகாது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் கவுண்ட் பேசியும் அன்றே இரண்டிரண்டு விருதுகள் பெற்றனர். தம் பதினைந்தாம் வயதில் தாயை இழந்து, 1934இல் நியூயார்க் நகரின் அப்போலோ அரங்கில் புதியோர்க்கான போட்டியில் பாடித் தம் வாழ்வைத் தொடங்கியவர் எல்லா. கிராமி பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. ஆனால் 'ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு' என்னும் தலையாய விருது வேறு கதவு. அக்கதவைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் தம் பெயரில் திறக்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் முன்பு குறிப்பிட்ட மகலியா ஜாக்சன் 1911இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர், அடிமைகளின் பேத்தி. சிறு வயதிலேயே தாயை இழந்து, சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர். இரவு விடுதிகளில் பாடினால் பொருள் குவியும் என்று பலர் அழைத்தும், இறைப்புகழ் அன்றி வேறு பாடேன் என்று உறுதியாய் நின்றார். கிராமி விருதுக் குழுவினர் சமயப் பாடலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தியபோது, 1962இல் அதன் முதல் விருது இவருக்கே சென்றது. ஆயினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளையர் வாழ்ந்த தெருவில் அவர் வீடு வாங்கியபோது, அவ்வீட்டுச் சன்னல்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. மேடையில் கைதட்டல், வீட்டில் குண்டு: இரண்டும் ஒரே நாட்டில் ஒரே பெண்மணிக்குக் கிடைத்தவை. 1972 சனவரியில் அவர் இறந்தார். வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் மறைந்த லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கும் அதே முறையில் அதே விருது கிடைத்தது.

1965ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்வது டியூக் எலிங்டன் வாழ்வில் 1965இல் நிகழ்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இசைக்குழு நடத்தி, ஜாஸ் இசைக்குப் பெருமை சேர்த்தவர் அவர். அவ்வாண்டு புலிட்சர் பரிசுக்கான இசை நடுவர் குழு, தனியொரு படைப்பைத் தேர்ந்தெடுக்காமல், எலிங்டனின் வாழ்நாள் பணி முழுமைக்கும் சிறப்பு விருது வழங்குமாறு பரிந்துரைத்தது. மேலிருந்த புலிட்சர் வாரியம் அதனை மறுத்துவிட்டது. நடுவர் மூவருள் இருவர் பதவி விலகினர். அவ்வாண்டு இசைக்கான பரிசே வழங்கப்படவில்லை.

எலிங்டனுக்கு அப்போது வயது 66. விதி நம்மிடம் அன்பாகத்தான் நடந்துகொள்கின்றது, இவ்வளவு இளம் வயதிலேயே பெரும்புகழ் வேண்டாம் என்று அது எண்ணுகின்றது போலும் என்னும் கருத்துப்பட அவர் சிரித்துக்கொண்டே கூறினாராம். அச்சிரிப்பின் அடியில் இருந்த வேதனையை உணர நமக்கு விளக்கம் தேவையில்லை.

அவர் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் எபிஸ்கோப்பல் பேராலயத்தில் தம் முதலாம் 'திருவிசை நிகழ்ச்சி'யை நடத்தினார். தொடக்கநூலின் முதற்சொற்களையே கருவாகக் கொண்டு அமைந்த அதன் முதற்பகுதிக்கு 1967இல் கிராமி விருது கிடைத்தது. இரண்டாம் திருவிசை 1968இல் நியூயார்க்கிலும், மூன்றாவது 1973இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும் நிகழ்ந்தன. தம் பணிகளுள் தலையாயது இதுவே என்று அவர் கருதினார். 1974இல் அவர் இறந்தார். 1999இல், அவர் பிறந்த நூற்றாண்டில், புலிட்சர் வாரியம் அவருக்குச் சிறப்பு விருது வழங்கிற்று. இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த மாலை அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1996இல்தான், ஜார்ஜ் வாக்கர் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார்.

நம் திருச்சபையும் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் வெளியே நிற்கவில்லை. எலிங்டனின் குழுவுக்கு இசையமைப்பில் துணைநின்றவர்களுள் ஒருவரான பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் 1957இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். 1962இல் புனிதர் பட்டம் பெற்ற, பெரு நாட்டுக் கறுப்பினத் துறவி மார்ட்டின் தெ போரஸின் புகழை ஜாஸ் இசையில் பாடினார். அவர் இயற்றிய திருப்பலி இசை 1975இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலியின்போதே இசைக்கப்பட்டது. விடுதிகளுக்கே உரியது என்று ஒதுக்கப்பட்ட இசை பலிபீடத்தின் அருகே வந்து நின்ற நாள் அது.

பெரிய வாசல்

1973 ஆகஸ்டில் ஸ்டீவி வொண்டர் என்னும் இளைஞர் சாலை விபத்தொன்றில் சிக்கிப் பல நாள் நினைவிழந்து கிடந்தார். பிறந்த சில நாள்களிலேயே பார்வையை இழந்தவர் அவர். அவ்விபத்துக்குச் சில நாள் முன் வெளியான அவருடைய இசைத்தொகுப்பு 1974இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு விருதைப் பெற்றது. 1975லும் 1977லும் அதே விருது அவருக்கே கிடைத்தது. 1984இல் மைக்கேல் ஜாக்சன் ஒரே இரவில் எட்டு விருதுகள் பெற்றார். பெரிய வாசல் திறந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் வாசல் திறப்பதும், திறந்தபடியே இருப்பதும் வெவ்வேறு. ராப் இசைக்கு 1989இல் முதல் விருது வழங்கப்பட்டபோது, அக்காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டாமல் விட்டனர். விருதுக்கு உரியவர்களே விழாவைப் புறக்கணித்தனர். கறுப்பினத்தாரின் இசையைக் குறிக்க 'நகர்ப்புற இசை' என்று வழங்கிய மறைசொல், ஒரு கிராமிப் பிரிவின் பெயரிலிருந்து 2020இல்தான் நீக்கப்பட்டது. ரே சார்ல்ஸ் 2004இல் மறைந்தபின், 2005இல்தான் அவருடைய இசைத்தொகுப்பு ஆண்டின் சிறந்ததாக அறிவிக்கப்பட்டது. 1999இல் லாரின் ஹில் அவ்விருதைப் பெற்றபின், வேறொரு கறுப்பினப் பெண்மணி தம் பெயரில் அதனைப் பெற இருபத்தாறு ஆண்டுகள் கடந்தன.

எண்ணிக்கை சில வேளைகளில் உண்மையை மறைத்துவிடும். 2023இல் பியான்சே தம் 32ஆம் கிராமி விருதைப் பெற்று, இசை நடத்துநர் ஜார்ஜ் சோல்டியின் நெடுங்காலச் சாதனையை முறியடித்தார். வரலாற்றிலேயே மிகுதியான கிராமி விருதுகள் பெற்றவர் அவர். ஆயினும் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு விருது மட்டும் அன்றுவரை அவருக்குக் கிட்டவில்லை. பக்கப் பந்தியில் பலமுறை பரிமாறிவிட்டு, தலைப்பந்திக்கு மட்டும் அழைக்காமல் விடுவதை ஒத்தது இது.

கண்ட்ரி இசையில் இவ்வேலி இன்னும் உயரமாக இருந்தது. அவ்விசையின் அடையாளமாக விளங்கும் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியின் மூலம் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளிடம் இருந்தது. எனினும் அது வெள்ளையர் இசை என்றே வழங்கலாயிற்று. மிசிசிப்பியில் குத்தகை உழவரின் மகனாய்ப் பிறந்த சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டு 1966இல் வெளிவந்தபோது, வானொலி நிலையங்களுக்கு அவருடைய நிழற்படத்தை அனுப்பாமலேயே தட்டை அனுப்பினர். முகம் தெரிந்தால் பாடலை ஒலிபரப்ப மாட்டார்கள் என்னும் அச்சமே காரணம். ஐந்தே ஆண்டுகளில், 1971இல், அவர் கண்ட்ரி இசைச் சங்கத்தின் தலையாய விருதை வென்றார். முகத்தை மறைத்து அனுப்பப்பட்ட குரல் முகத்தோடு மேடை ஏறிற்று.

ஆனால் எல்லாருக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1969இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்மணி லிண்டா மார்ட்டெல். 1970இல் அவருடைய ஒரே இசைத்தொகுப்பு வெளிவந்தது. அரங்கில் இழிசொற்களைக் கேட்டார், வாய்ப்புகளும் அருகின, நாஷ்வில்லை விட்டு நீங்கினார். பல்லாண்டுகள் அவருடைய பெயரையே இசையுலகம் மறந்திருந்தது.

மதிப்பு என்னும் கடன்

இவ்விடத்தில் அன்பர் சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: இவை வணிக உலகின் ஆரவார விழாக்கள்தாமே? நம்பிக்கை வாழ்வு வாழும் நமக்கு இவற்றில் என்ன கவலை? நல்ல கேள்வியே. குருமடத்தில் நாம் கற்ற புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு விடை தருகின்றார். அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான உள்ள உறுதியே நீதி என்பது அவர் கொள்கை. மதிப்பளித்தலையும் அவர் நீதியின் பகுதியாகவே வைத்துப் பேசுகின்றார். ஒருவரிடம் உள்ள மேன்மைக்கு நாம் கூறும் சாட்சியமே மதிப்பு என்கின்றார்.

ஆதலின் மதிப்பை மறுப்பது வெறும் மரியாதைக் குறைவு அன்று. உண்மைக்குச் சாட்சி சொல்ல மறுப்பது. கண்டவன் காணவில்லை என்பது போன்றது. 1965இல் பதவி விலகிய அந்நடுவர் இருவரும் இதனை உணர்ந்தவர்கள். தாம் கண்ட மேன்மைக்குச் சாட்சி கூறவிடாத இடத்தில் இருக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அதே வேளையில், மதிப்பு மேன்மையை உண்டாக்குவதில்லை என்பதையும் புனிதரிடம் கற்கின்றோம். மேன்மை முன்னரே உள்ளது. சாட்சியம் பின்னர் வருவது. பரிசு மறுக்கப்பட்ட ஆண்டில் எலிங்டனின் இசை ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை. பரிசு வந்த ஆண்டில் கூடிவிடவும் இல்லை. குறைபட்டது யார் என்றால், சாட்சி சொல்லத் தவறியவர்களே. தாழ்ந்து வரும் மாலை, பெற்றவரின் பெருமையைவிடத் தந்தவரின் தாமதத்தையே மிகுதியாகக் காட்டுகின்றது. இறந்தவர் கழுத்தில் மாலை வாடுவதும் இல்லை, மணப்பதும் இல்லை.

மாலையைக் கழற்றியவர்கள்

இவ்வரலாற்றைப் படித்து முடித்தபின் நம் உள்ளத்தில் நிலைத்து நிற்கும் நிகழ்ச்சிகள் மூன்று. 1871இல் ஃபிஸ்க் மாணவர் புறப்பட்ட சில நாள்களிலேயே சிகாகோ நகரம் பெருந்தீயில் அழிந்தது. கடனை அடைக்கக் காசு தேடி வந்த அவ்விளைஞர்கள், தம் தொடக்க நிகழ்ச்சி ஒன்றில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை அப்படியே தீயில் வீடிழந்தோர்க்கு அளித்துவிட்டனர். அவர்களுக்கு அப்போது குளிருக்குப் போதிய ஆடைகூட இல்லை.

1985இல் ஸ்டீவி வொண்டர் ஒரு திரைப்பாடலுக்காக ஆஸ்கர் விருது பெற்றார். அதனை அன்று தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் பெற்றுக்கொள்வதாக மேடையிலேயே அறிவித்தார். மறுநாளே தென்னாப்பிரிக்க அரசு வானொலி அவருடைய பாடல்களுக்குத் தடை விதித்தது. தமக்கு வந்த புகழால் ஒரு கைதியின் பெயரை உலகின் செவியில் ஒலிக்கச் செய்தார் அவர்.

2025 பிப்ரவரி 2ஆம் நாள் பியான்சேக்கு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு விருது இறுதியாகக் கிடைத்தது. தமக்கு வரவேற்பு இல்லை என்று முன்னர் உணர்ந்த கண்ட்ரி இசையில் அவர் படைத்த தொகுப்பு அது. சிறந்த கண்ட்ரி இசைத்தொகுப்புக்கான விருதையும் அதுவே பெற்றது. பெரிய விருதைக் கையில் ஏந்தியபோது அவர் அதனை லிண்டா மார்ட்டெலுக்குக் காணிக்கையாக்கினார். அரைநூற்றாண்டுக்கு முன் மேடையிலிருந்து இறங்கிப் போன அம்மூதாட்டி அப்போது எண்பதைக் கடந்திருந்தார், உயிரோடு இருந்தார். ஒருமுறையேனும் மாலை வாழ்பவர் கழுத்தில் விழுந்தது.

தமக்கு வந்ததைக் கழற்றி, வராதவர்க்கு இடும் இப்பண்பை என்னென்பது! காலம் தாழ்த்தப்பட்டவர்களுக்கே தாழ்த்தப்படுவதன் வலி தெரியும். அவ்வலியைக் கசப்பாக்காமல் கொடையாக்கியவர்கள் இவர்கள். யூபிலி என்னும் பெயரை முதலில் ஏற்றவர்கள் அதன் பொருளை முதலில் தாமே வாழ்ந்து காட்டினர்.

நாமும் ஏதோ ஓர் இடத்தில் நடுவராய் அமர்கின்றோம்: வீட்டில், பள்ளியில், பங்கில், பணியிடத்தில். யார் பாட்டு நன்று, யார் உழைப்பு பெரிது என்று கண்ட உண்மையை நாம் அறிவோம். அதனை உரியவர் கேட்கும் காலத்திலேயே சொல்லிவிட்டோமா, அவருடைய அடக்க நாளுக்கென எடுத்து வைத்திருக்கின்றோமா? குருமடத்து இசையறையில் ஒலித்த அக்குரலை நினைத்துக்கொண்டு, இக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்கின்றோம்.